சொல்லை எங்கே உடைப்பது?

பள்ளி விடுமுறைக்கு மலாக்கா போகாத குடும்பம் நம்மில் குறைவு. போனால் அந்தச் சிவப்புக் கட்டடத்தின் முன்னே நின்று படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. 1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் கட்டியது அது. வாசலில் உள்ள பெயரைப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? 'ஸ்டா-தைஸ்' என்பார்கள். அழைத்துப்போகும் பெரியவர்களும் அப்படித்தான். பெயரின் நடுவில் டி, எச் என்று இரண்டு எழுத்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆங்கிலம் பழகிய கண் இரண்டையும் சேர்த்து 'த' ஆக்கிவிடுகிறது. உண்மையில் அந்த டி முதல் சொல்லுக்குச் சொந்தம், எச் இரண்டாம் சொல்லுக்குச் சொந்தம். 'ஸ்டாட்' என்றால் நகரம். 'ஹாய்ஸ்' மாதிரி ஒலிக்கும் அடுத்த பாதிக்கு வீடு என்று பொருள். நகரவீடு, அதாவது நகராட்சி மன்றம். சொல்லைத் தப்பான இடத்தில் உடைத்ததால் நகரமும் போய்விட்டது, வீடும் போய்விட்டது. ஓர் ஓசைதான் மிச்சம்.

அதே 'வீடு' இன்னொரு சொல்லிலும் ஒட்டிக்கொண்டு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மலாயில் காக்குஸ், நம் வாயில் கக்கூஸ். டச்சு மொழியில் கழிவைக் குறிக்கும் 'கக்' என்ற சொல்லோடு இந்த 'ஹாய்ஸ்' சேர்ந்து பிறந்தது. மலாக்காவின் பெருமைமிகு கட்டடமும் கொல்லைப்புறக் கக்கூஸும் ஒரு வகையில் பங்காளிகள். (காலையில் பசியாறிக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் மன்னிக்க.)

ஒலிபரப்பு வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் கிடைக்கும் தாளில் நீண்ட சொல்லைக் கண்டால் பென்சிலால் சின்னச் சாய்கோடு போட்டுவிடுவேன். 'சுகாதாரப் பராமரிப்புப் பணியாளர்' என்று பிரித்து எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. 'பெற்றோராசிரியர்சங்கம்' என்று ஒரே மூச்சில் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்களே. ஒலிவாங்கியின் முன்னே அதை அப்படியே விட்டால் வாய் 'பெற்றோ-ராசிரியர்' என்று போய்விடும். காதில் விழுகிறவருக்கு ராசி பலன் சொல்கிறார்களோ என்று தோன்றும். படிக்கிறவருக்குச் சொல் கண் முன்னே கிடக்கிறது, திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. நான் உடைக்கிற இடத்தில்தான் அவருக்குச் சொல் உடையும்.

டச்சுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி நம்மைவிட அதிகம். சொற்களை இடைவெளி இல்லாமல் கோத்துக்கொண்டே போவது அவர்கள் வழக்கம். நம் ஊர் பெர்கேசோ மாதிரி, வேலை செய்ய முடியாமல் போனவருக்கு உதவும் காப்புறுதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஒரே சொல். அதில் 33 எழுத்து. பார்த்தால் மிரட்டும். பிரித்தால் மூன்றே துண்டு: வேலை, இயலாமை, காப்புறுதி. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஓர் 'எஸ்' எழுத்தைப் பசை போலத் தடவியிருப்பார்கள். நாம் 'தமிழ்ப்பள்ளி'யில் ஒரு 'ப்' வைக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலை.

பசை ஒட்டாத இடத்தில்தான் வேடிக்கை. டச்சில் 'வல்கய்ல்' என்று ஒரு சொல். 'வல்' என்றால் விழுதல், 'கய்ல்' என்றால் குழி. விலங்கு பிடிக்கத் தோண்டும் படுகுழி. அதையே 'வல்க்' என்றும் 'அய்ல்' என்றும் உடைத்தால் வல்லூறு, ஆந்தை! எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மெய்யெழுத்து எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் வித்தியாசம். இன்னொரு சொல் உண்டு. ஒரு விதமாக உடைத்தால் உடம்பு பிடித்துவிடும் மசாஜ் கட்டில். இன்னொரு விதமாக உடைத்தால் பெருங்கூட்டமாகச் செய்யும் பிரார்த்தனை. இங்கே அவர்களைக் காப்பாற்றுவது அழுத்தம். கட்டிலாக இருந்தால் குரல் இரண்டாம் அசையில் ஏறும், பிரார்த்தனையாக இருந்தால் முதல் அசையிலேயே ஏறிவிடும். பொதுவாக டச்சுக் கூட்டுச்சொல்லில் முதல் துண்டுக்குத்தான் தலைமை அழுத்தம். மற்றவை அதன் நிழலில் நிற்கும். எழுத்தில் குழப்பம் வரும் என்று நினைத்தால் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளவும் அவர்கள் விதி இடம் தருகிறது.

இதையெல்லாம் படித்தபோது, இது நமக்குத் தெரிந்த கதையாயிற்றே என்று தோன்றியது. தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரத்தின் புணரியல் முடியும் இடத்தில் இதே விஷயம் இருக்கிறது. எழுத்து ஒன்றுபோலவே இருந்து, பொருள் மட்டும் வேறுபடும் புணர்ச்சிகள் உண்டு. அவற்றை வேறுபடுத்துவது இசை, அதாவது சொல்லும் ஓசை என்கிறார் தொல்காப்பியர். இதை எழுத்தால் காட்ட விதி கிடையாது, சொல்பவரின் குறிப்பைக் கொண்டுதான் அறிய வேண்டும் என்பது அடுத்த செய்தி. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'செம்பொன்பதின்றொடி'. தொடி என்பது பழைய எடை அளவு. வளையலுக்கும் அதே பெயர். 'செம்பொன் / பதின் தொடி' என்றால் பத்துத் தொடி பசும்பொன். 'செம்பு / ஒன்பதின் தொடி' என்றால் ஒன்பது தொடி செம்பு. நகைக்கடை வாசலில் நின்று யோசித்துப் பாருங்கள், குரல் எங்கே நிற்கிறது என்பதற்கு எவ்வளவு விலை! 'குன்றேறாமா' என்பது இன்னொன்று. 'குன்று ஏறு ஆமா' என்றால் குன்றில் ஏறுகிற காட்டுப்பசு. 'குன்று ஏறா மா' என்றால் குன்றில் ஏறாத விலங்கு. ஏறுமா ஏறாதா என்பதே உடைப்பில்தான் இருக்கிறது.

இலக்கணப் புத்தகத்தோடு இது நின்றுவிடவில்லை. சமையலறைக்கு வாருங்கள். 'கீரை கடை' என்றால் அம்மா மத்தை நீட்டுகிறார் என்று பொருள். 'கீரைக்கடை' என்றால் பாசாரில் இருக்கும் கடை. 'வேலை தேடினான்' என்றால் பட்டம் வாங்கிவிட்டு அலைகிற நம் வீட்டுப் பையன். 'வேலைத் தேடினான்' என்றால் தைப்பூசக் கூட்டத்தில் கைவேலைத் தொலைத்துவிட்ட சின்னப் பையன். ஒரு 'த்' செய்கிற வேலை இது. ஒற்று மிகும், மிகாது என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். அது காதுக்கான அடையாளம் என்று எனக்கு யாரும் பள்ளியில் சொல்லித் தந்ததில்லை.

தமிழில் ஆங்கிலம், டச்சு போன்ற கனத்த அழுத்தம் கிடையாது. நெடில் நீள்கிறது, ஒற்று அழுந்துகிறது, சொல்லின் முதலெழுத்தில் குரல் கொஞ்சம் நிமிர்கிறது, அவ்வளவுதான். ஆகவே நீண்ட கூட்டுச்சொல்லைப் படிக்கும்போது ஒவ்வொரு துண்டின் முதலெழுத்திலும் குரலை ஒரு நூல் அளவு எடுத்துக்கொடுத்தால் போதும், பொருள் தானாகப் பிரியும். இடைவெளி விடத் தேவையில்லை. இப்போது சில அறிவிப்புகளில் ஆங்கிலச் செய்தி வாசிப்பைப் போல, கண்ட இடத்தில் குரலைக் குத்துகிறார்கள். கேட்பதற்குச் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. என்ன சொன்னார் என்பதுதான் நிற்பதில்லை.

இதை எழுத வைத்தது செமிலிங்கில் ஒரு மாலை.

கெடாவில் மெர்போக்குக்கும் பீடோங்குக்கும் பக்கத்தில் இருக்கிற சிற்றூர் செமிலிங். என் சித்தி அங்கே இருக்கிறார். போனபோது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் ஆண்டு படிக்கிறான். "அக்கா, நீங்க ரேடியோவுல படிக்கிறீங்க. இவனுக்கு வாசிக்க வரமாட்டேங்குது. வகுப்புல பின்னால உக்கார வச்சிட்டாங்க. வாசிப்பு நாள்னா காலையிலயே வயித்து வலிங்கிறான்" என்றார். வயிற்று வலி என்று சொன்னபோது பையன் தரையைப் பார்த்தான்.

புத்தகத்தைத் திறந்தோம். அம்மா, மரம், பள்ளி, விளையாட்டு எல்லாம் சரளமாக வந்தது. 'சுற்றுச்சூழல்' வந்ததும் வேகம் குறைந்தது. 'தூய்மைக்கேடு' வந்ததும் நின்றுவிட்டான். விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, "தூய்… மைக்… கேடு" என்றான். வானொலிக்காரியின் முன்னே மைக் கெட்டுப்போனதாகச் சொன்னால் சிரிப்பு வராதா? ஆனால் யாரும் சிரிக்கவில்லை, நல்லவேளை. வகுப்பில் சிரித்திருப்பார்கள் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

திண்ணைப் பக்கம் நாற்காலியில் இருந்த அவன் தாத்தாதான் வாயைத் திறந்தார். பால்வெட்டுக் காலத்துத் தோட்டப்புற மனிதர். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கே சிரமப்படுவார் என்று பிறகு சித்தி சொன்னார். "டேய், மைக் இல்லடா. தூய்மை. தூய்மை கெட்டுப்போறது, தூய்மைக்கேடு" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பையனுக்கு எழுத்து தெரியும், தாத்தாவுக்குச் சொல் தெரியும். அவன் கண்ணால் உடைத்தான், அவர் காதால் உடைத்தார். ரப்பருக்குப் 'பால்மரம்' என்று பெயர் வைத்த கூட்டம் அல்லவா அது. பால்வெட்டு, பால்மரக்காடு, ஆயாக்கொட்டகை என்று தேவைப்பட்டபோதெல்லாம் சொல்லைக் கோத்துக்கொண்டவர்கள். எந்த முடிச்சு எங்கே என்று அவர்களுக்குக் கையிலேயே தெரியும். 'செம்பனை' என்பது செம்மை, பனை என்று யாரும் அவர்களுக்கு இலக்கணம் நடத்தவில்லை.

நான் பென்சிலை எடுத்தேன். பையனிடம் படிக்கச் சொல்லவில்லை. தாத்தா சொல்லச் சொல்ல, சொல் எங்கே முடிகிறது என்று கோடு மட்டும் போடச் சொன்னேன். தோட்டத்துச் சொற்களில் ஆரம்பித்தோம். 'பால்மரக்காடு' என்றார் தாத்தா. பால், ஒரு கோடு. மரம், ஒரு கோடு. 'அந்த ம் எங்க போச்சு?' என்று அவனே கேட்டான். அது ஒளிந்துகொண்டு, அந்த இடத்தில் 'க்' வந்து உட்கார்ந்திருக்கிறது என்றேன். கண் விரிந்தது. ஒளிந்துகொள்வது என்றால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்கம் வேண்டுமா?

மலாய்ச் சொற்களுக்குப் போனோம். அங்கே அவன் கில்லாடி. 'மாத்தஹாரி' என்றேன், மாத்தா, ஹாரி, கண்ணும் பகலும் சேர்ந்தால் சூரியன் என்றான். 'காக்கித்தாங்ஙான்' என்றேன். கால், கை என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, "ஆபீஸ்ல வேலை செய்றவங்க" என்றான். 'செத்தியாஉசாஹா' மட்டும் தடுக்கியது, உயிரெழுத்துகள் மூன்று அடுத்தடுத்து மோதுகின்றன. அங்கே தாத்தாவும் கையை விரித்துவிட்டார். ஒரு மொழியில் பொருளைப் பார்த்துச் சொல்லை உடைக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியில் ஏன் வரவில்லை? மலாயில் அவன் சொல்லைக் கேட்டுவிட்டுப் படிக்கிறான். தமிழில் அந்த நீண்ட சொற்களை முதன்முதலாகப் புத்தகத்தில்தான் சந்திக்கிறான். வீட்டில் யார் 'தூய்மைக்கேடு' என்று பேசுகிறார்கள்? அவன் மந்தமான பிள்ளை இல்லை. அந்தச் சொல்லோடு அவனுக்குப் பழக்கம் இல்லை.

ஒரே மாலையில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் கதை விடப்போவதில்லை. அடுத்த பக்கத்தில் 'பயன்படுத்தப்பட்டிருக்கின்றன' என்று ஒன்று வந்தது. மூவருமே பெருமூச்சு விட்டோம். (பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மூன்றாம் ஆண்டுக்கு இந்த நீளம் அவசியமா?) ஆனால் பையன் புத்தகத்தை மூடவில்லை. பயன் என்று ஒரு கோடு போட்டான், படுத்த என்று ஒரு கோடு போட்டான், மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றான். டச்சு நாட்டில் பிள்ளைகள் சொல்லைக் கைதட்டிக் கைதட்டி அசை பிரித்துக் கற்கிறார்கள். அசைக்கு அவர்கள் வைத்த பெயரே 'எழுத்துப்பிடி' என்ற பொருள் தருகிற கூட்டுச்சொல்தான். பிடி கிடைத்தால்தானே தூக்க முடியும்.

நம்மிடம் பிடி இல்லாமலா? யாப்பிலக்கணத்தின் நேரும் நிரையும் இருக்கின்றன. வெண்பா எழுதுகிறவர்களுக்கு மட்டும் என்று அதைப் பரணில் போட்டுவிட்டோம். அன்று மாலை அதையும் விளையாட்டாக்கிப் பார்த்தோம். குறிலோ நெடிலோ தனித்து நின்றாலும் ஒற்றோடு நின்றாலும் நேர், ஒரு தட்டு. குறிலோடு இன்னோர் எழுத்து இணைந்து வந்தால் நிரை, இரண்டு தட்டு. பீ-டோங் நேர் நேர், தேமா. மெர்-போக், அதுவும் தேமா. செமி-லிங் நிரை நேர், புளிமா. மலே-சியா நிரை நிரை, கருவிளம். சுங்கைப்பட்டாணியில் சுங்கை தேமா, பட்டாணி தேமாங்காய். தன் ஊர் புளிமா என்று தெரிந்ததில் பையனுக்கு ஏதோ பதக்கம் கிடைத்த மாதிரி சந்தோஷம். யாப்பின் அசையும் மொழியியலார் சொல்லும் அசையும் அச்சு அசலாக ஒன்றல்ல. நிரைக்குள்ளே இரண்டு ஒலித்துண்டு இருக்கும். பிள்ளை கைதட்டுவதற்கு இது போதும்.

'கடா-ரம்', அதுவும் புளிமாதான். செமிலிங்கிலிருந்து பூஜாங் பள்ளத்தாக்கு கூப்பிடு தூரம். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கடாரம் இந்தக் கெடாதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அந்த வெற்றியில் அவன் சூட்டிக்கொண்ட பட்டம் 'கடாரங்கொண்டான்'. 'கடாரம்' என்பதன் 'ம்', 'கொண்டான்' வருவதைப் பார்த்து 'ங்' ஆகிவிட்டது. பால்மரக்காட்டில் ஒளிந்துகொண்டது, இங்கே வேஷம் மாற்றிக்கொண்டது என்றேன். சொந்த ஊர்ப் பெயர் ஒரு நீண்ட சொல்லுக்குள்ளே உட்கார்ந்திருந்தது அவனுக்குப் புதுமை. தாத்தாவுக்கும்தான்.

டச்சுக்காரர்கள் இங்கேயும் தலைகாட்டுகிறார்கள். கடாரத்து அரசன் ஒருவன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் கட்டினான். தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் அதை எழுப்பினான். ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். அதைச் சொல்லும் 21 செப்பேடுகள் டச்சுக்காரர்கள் கையில் சிக்கி நெதர்லாந்து போய், லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்ததால் 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றுவிட்டன. ஒரு பகுதி சமஸ்கிருதம், பெரும்பகுதி தமிழ். அந்தக் காலத்து எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்க்குப் புள்ளி வைப்பதும் அரிது. ஏட்டை எடுத்துப் படிக்கிறவர்தான் உடைக்க வேண்டும். கடாரத்து அரசன் பெயரைப் பாருங்கள்: மாரவிஜயோத்துங்கவர்மன். மார, விஜய, உத்துங்க, வர்மன். 'விஜய'வும் 'உத்துங்க'வும் மோதுகிற இடத்தில் ஓர் 'யோ' முளைத்திருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் மீதி எளிது. 'விஜயோ-த்துங்க' என்று உடைத்தால் ராஜா தடுக்கி விழுவார்.

இப்போது நமக்கு இடைவெளி இருக்கிறது, புள்ளி இருக்கிறது. இருந்தும் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் எவ்வளவு பிரித்து எழுதலாம் என்ற சண்டை ஓயவில்லை. என் கட்சி இதுதான்: சிறு வகுப்புகளில் தாராளமாகப் பிரிக்கலாம், ஆனால் ஒற்றை விழுங்கிவிடக் கூடாது. 'தமிழ்ப் பள்ளி' என்று இடைவெளி விட்டாலும் அந்தப் 'ப்' இருக்கட்டும். இடைவெளி கண்ணுக்கு உதவும், ஒற்று காதுக்கு உதவும். இரண்டையும் எடுத்துவிட்டுத் 'தமிழ் பள்ளி' என்று பலகை எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

கடைசியாகப் பத்திரிகைகளைப் பற்றி ஒன்று. டச்சுப் பத்திரிகையில் வரி நிறைந்துவிட்டால் நீண்ட சொல்லை முதலில் துண்டு சேரும் இடத்தில்தான் உடைப்பார்கள், சிறு கோடும் போடுவார்கள். நம் தமிழ்ப் பத்திரிகைகளின் ஒல்லியான பத்திகளில் புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வரக் கூடாது என்ற ஒரு கட்டுப்பாடுதான் பெரும்பாலும் உண்டு. மற்றபடி இடம் தீர்ந்த இடத்தில் வெட்டு. 'தலைமையா' ஒரு வரியில் கிடக்கும், 'சிரியர்' அடுத்த வரியில் கிடப்பார். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தையே கொடுத்துப் பாருங்கள். வரியோரத்தில் எங்காவது ஒரு சொல் தப்பாக உடைந்து தொங்கிக்கொண்டிருக்கும். பென்சிலைக் கையில் கொடுத்து, கோடு எங்கே விழ வேண்டும் என்று அவர்களே போடட்டும். தாத்தாவோ பாட்டியோ பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடட்டும்.